முந்நூறு பிரதிகள்: சிறிய பங்க் இசை லேபிளும் அச்சகமும் நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

1977 ஜனவரி இறுதியில் மான்செஸ்டர் நகரின் பஸ்காக்ஸ் என்ற பங்க் இசைக்குழு, பெரிய நிறுவனம் எதையும் நாடாமல், ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தானே சூட்டிக்கொண்ட பெயரில் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் கடனாகத் திரட்டிய ஏறத்தாழ 500 பவுண்டில் முதலில் 1,000 பிரதிகள் மட்டுமே அழுத்தப்பட்டன. கேட்பு எழுந்த பிறகே மறுபடி மறுபடி அழுத்தி, மொத்தம் சுமார் 16,000 வரை விற்றார்கள். அடுத்த ஆண்டு லண்டனின் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு தன் முதல் தட்டின் உறையிலேயே ஒலிப்பதிவு, மாஸ்டரிங் (கலவை முடிந்த பதிவைத் தட்டுக்கு ஏற்பச் சீர்செய்தல்), அழுத்தம் ஆகியவற்றுக்கு ஆன செலவை வரிசையாக அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம் என்பதைக் கணக்காகவே காட்டியது. சிறு லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியீட்டகம், நடத்த விரும்புகிறவர் இவ்விரண்டில் இரண்டாவதையே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மோசமான இசையை வெளியிட்டதால் மூடப்பட்ட சிறு லேபிள்கள் குறைவு. எத்தனை பிரதி அழுத்துவது என்ற முடிவில் தவறியும், குழுவுக்குச் சேர வேண்டிய பணத்தைத் தன் பணம்போல் செலவழித்தும் மூடப்பட்டவையே மிகுதி.

இந்த வழிகாட்டி பிரிட்டனையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. இந்தத் தொழில்முறை அங்கேதான் உருவானது, ஆலைகளும் வாங்குவோரும் பெரும்பாலும் அங்கும் ஐரோப்பாவிலுமே இருக்கிறார்கள்.

முதலில் வடிவம்

எந்தப் பொருளாக வெளியிடுவது என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐம்பது பேர்தான் வாங்குவார்கள் என்றால் ஒலிநாடாவே போதும். தேவையான நீளத்துக்கு வெட்டிய நாடாவை வாங்கி, வீட்டிலேயே நல்ல நிலையில் உள்ள இரண்டு டெக்குகளில் பதிந்து, உறையை ஜெராக்ஸ் எடுத்துவிடலாம். அதே எண்ணிக்கையில் தட்டுதான் வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாகக் கடைந்தெடுக்கும் முறையை நாடலாம். நியூசிலாந்தின் ஜெரால்டைன் என்ற சிற்றூரில் பீட்டர் கிங் பாலிகார்பனேட் தகடுகளில் இப்படிக் கடைந்து தந்த தட்டுகளால், இருபது முப்பது பிரதி மட்டுமே வெளியிடும் லேபிள்கள் உலகெங்கும் பிழைத்தன. ஒலித்தரம் ஆலைத் தட்டுக்கு ஈடாகாது. பாட்டு ஓடும் நேரம் முழுவதும் ஊசி அந்த ஒரு பிரதியைக் கடைய வேண்டியிருப்பதால் விலையும் கூடும்.

முந்நூறிலிருந்துதான் ஆலை அழுத்தம் பொருள்படத் தொடங்குகிறது. பல ஆலைகள் ஏற்கும் குறைந்தபட்ச அளவும் ஏறக்குறைய அதுவே. பங்க் இசைக்கு 7 அங்குலத் தட்டு இயல்பாகப் பொருந்தும். நிமிடத்துக்கு 45 சுற்றில் ஒரு பக்கத்துக்கு நான்கரை நிமிடத்துக்குள்ளும், 33 சுற்றில் ஆறு நிமிடத்தை ஒட்டியும் நிறுத்திக்கொண்டால் ஓசை தடிப்பாக இருக்கும். அதற்கு மேல் திணித்தால் பள்ளக்கோடுகள் நெருங்கி, ஒலி அளவைக் குறைத்தே வெட்ட வேண்டிவரும். 12 அங்குலத் தட்டில் 33 சுற்றுக்கு ஒரு பக்கம் 18 முதல் 20 நிமிடம் வரை கவலையில்லை.

எண்ணிக்கையும் விலையும்

இந்தப் பகுதியைக் கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கணக்கு புரிய வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் ஆலையின் விலைப்புள்ளி வந்ததும் அவற்றை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு 7 அங்குலத் தட்டுக்கு வெட்டு, உலோக அச்சு, சோதனைத் தட்டு ஆகிய நிலைச் செலவு 600 பவுண்டு என்றும், அழுத்தம், நடுவட்டத் தாள், உறை எல்லாம் சேர்ந்து பிரதிக்கு 3 பவுண்டு என்றும் கொள்வோம். 300 பிரதிக்கு மொத்தம் 1,500 பவுண்டு, அதாவது பிரதிக்கு 5 பவுண்டு. இந்த உலகில் பரவலாக உள்ள வழக்கப்படி குழுவுக்கு ஐந்தில் ஒரு பங்கை, 60 பிரதிகளை, இலவசமாகக் கொடுக்கிறீர்கள். வானொலிக்கும் மதிப்புரைக்கும் 20 போகிறது. எஞ்சிய 220 பிரதிகளே உங்கள் முதலைத் திருப்பித் தர வேண்டியவை. ஒவ்வொன்றும் சராசரியாக 6 பவுண்டு 82 பென்ஸ் ஈட்டினால்தான் போட்ட பணம் திரும்பும். நேரில் 8 பவுண்டுக்கு விற்று, கடைகளுக்கு 5 பவுண்டுக்குக் கொடுத்து, இரண்டும் சரிபாதியாகப் போனால் கைக்கு வருவது 1,430 பவுண்டு. அத்தனை பிரதியும் விற்றுத் தீர்ந்த பிறகும் 70 பவுண்டு நட்டம்.

இதைக் கண்டதும் ‘அப்படியானால் 500 அழுத்துவோம்’ என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். செலவு 2,100 பவுண்டு, பிரதிக்கு 4 பவுண்டு 20 பென்ஸ்தான். குழுவுக்கு 100, விளம்பரத்துக்கு 20 போக 380 பிரதியும் முன்போலவே பாதிக்குப் பாதி விற்றால் 2,470 பவுண்டு வந்து 370 மிஞ்சும். ஆனால் வாங்க 220 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் வரவு அதே 1,430. நட்டம் 670 பவுண்டு, அதோடு கட்டிலுக்கடியில் 160 தட்டு. மலிவான பிரதி என்பது விற்றால்தான் மலிவு.

ஆகவே முடிவை இப்படி எடுங்கள். குழு கடந்த ஓராண்டில் எத்தனை நிகழ்ச்சி நடத்தியது, முந்தைய நாடா எத்தனை போனது, எதிர்வரும் மாதங்களில் சுற்றுப்பயணம் உண்டா என்று கேளுங்கள். சுற்றுப்பயணத்தில் மேசையில் விற்கும் பிரதிதான் முழு விலையைத் தரும். பயணமே இல்லாத குழுவுக்கு 300-க்கு மேல் அழுத்துவதை, எவ்வளவு பிடித்த குழுவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். 300-உம் மிகை என்று தோன்றினால் இரண்டு மூன்று லேபிள்கள் செலவையும் பிரதிகளையும் பிரித்துக்கொண்டு ஒரே தட்டைக் கூட்டாக வெளியிடுவது பங்க் உலகில் பழகிய வழி. லீட்ஸில் ஒருவரும் பெர்லினில் ஒருவரும் பங்காளிகள் என்றால் தபால் செலவும் பாதியாகும்.

விலைப்புள்ளியில் வரி சேர்ந்திருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள். பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்யாத சிறு லேபிள், ஆலைக்குக் கட்டும் 20 சதவீதத்தைத் திரும்பப் பெற இயலாது. அச்சிட்ட புத்தகங்களுக்கும் துண்டேடுகளுக்கும் அங்கே இந்த வரி சுழியம்; அச்சகத்தையும் சேர்த்து நடத்துவோருக்கு இது சிறிய நிம்மதி.

விற்பனை விலையைக் குறைவாக வைப்பது இந்த மரபின் அடையாளம். எசெக்ஸ் மாவட்டத்தின் ஒரு பண்ணை வீட்டிலிருந்து இயங்கிய கிராஸ் குழு, ‘இதற்கு மேல் கொடுக்காதீர்கள்’ என்று விலையை உறையிலேயே அச்சிட்டது. வாஷிங்டனின் டிஸ்கார்ட் லேபிளும் தபால் செலவு உட்பட்ட விலையைத் தட்டில் போட்டது. கடைக்காரர் இஷ்டத்துக்கு விலை ஏற்ற முடியாமல் போனதுதான் இதன் நடைமுறைப் பயன். ஆனால் அச்சிட்ட விலையை மாற்ற முடியாது என்பதால், மறு அழுத்தத்தின் செலவையும் கணித்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

குழுவுடன் பேச வேண்டியவை

டிஸ்கார்ட் லேபிள் எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் நடந்தது என்பதைச் சொல்லிப் பலர் தாமும் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே இயன் மக்காயும் நண்பர்களும் பெரும்பாலும் தம் ஊர்க் குழுக்களையே வெளியிட்டார்கள். நாள்தோறும் முகம் பார்க்கும் மனிதர்களுக்கிடையே வாய்ச்சொல் நிற்கும். மூன்று நாடு தள்ளியிருக்கும் குழுவுடன் அது நிற்காது. வழக்கறிஞர் வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும். ஒலிப்பதிவின் உரிமை குழுவுடையது என்பதும், லேபிளுக்கு எத்தனை ஆண்டுக்கு, எந்த வடிவத்தில் வெளியிடும் அனுமதி என்பதும் அதில் இருக்க வேண்டும். செலவு திரும்பிய பிறகு மிச்சம் சரிபாதி என்பதும், எவையெவை செலவாகக் கருதப்படும் என்பதும், கணக்கு ஆண்டுக்கு இருமுறை தரப்படும் என்பதும், லேபிள் மூடினால் என்ன ஆகும் என்பதும் கூட வேண்டும். ‘செலவு’ என்பதன் வரையறையில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. தபால் அட்டைப்பெட்டி செலவா? இணையக் கடையின் தரகு செலவா? இரண்டையும் முன்பே எழுதிவிடுங்கள்.

வேறொருவர் பாட்டை எடுத்துப் பாடியிருந்தால், அதை எழுதியவருக்குரிய இயந்திரப்பதிவு உரிமத்தைப் பெறாமல் அழுத்தத்துக்கு அனுப்பக் கூடாது. பிரிட்டனில் ஆலைகளே, பாட்டு எழுதியவர்கள் சார்பில் உரிமம் வழங்கும் எம்சிபிஎஸ் அமைப்பின் உரிமத்தைக் கேட்கும். எல்லாம் குழுவின் சொந்தப் பாட்டு, யாரும் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்லர் என்றால் அதையும் எழுத்தில் காட்ட வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் இதற்காக ஓடுவது வீண் அலைச்சல்.

வெட்டும் அழுத்தமும்

கலவை முடிந்த ஒலிப்பதிவைத் தட்டுக்கென்றே மாஸ்டரிங் செய்யச் சொல்லுங்கள். இணையத்துக்காக உச்ச அளவுக்கு நசுக்கிய அதே கோப்பைக் கொடுத்தால் தட்டு சத்தமாக ஒலிக்காது, கரகரக்கும். ஆழ்ந்த பேஸ் ஒலிகள் இருபுறமும் பிரியாமல் நடுவில் இருக்க வேண்டும். ‘ஸ்’ ஓசைகளையும் சிம்பல் ஓசையையும் அடக்க வேண்டும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைந்து ஒலி மங்குவதால், மிக இரைச்சலான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதிருப்பது நல்லது. பங்க் குழுக்கள் அதைத்தான் கடைசியில் வைக்க விரும்பும்; இதை முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டு இரண்டு வகை. அலுமினியத் தகட்டின் மேல் மெழுகுபோன்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கொண்ட லாக்கர் தட்டில் வெட்டுவது பழைய முறை. அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் படியவைத்து உரித்தால் ‘ஃபாதர்’, அதிலிருந்து ‘மதர்’, அதிலிருந்து அழுத்த இயந்திரத்தில் பொருத்தும் ‘ஸ்டாம்பர்’. சிறு எண்ணிக்கைக்கு ஃபாதரையே ஸ்டாம்பராகப் பயன்படுத்தி உலோகச் செலவைக் குறைக்கலாம். ஆனால் அது தேய்ந்தபின் மறு அழுத்தத்துக்கு மீண்டும் வெட்ட வேண்டிவரும். இரண்டாவது முறையில் நேரடியாகச் செம்புத் தகட்டில் வெட்டுகிறார்கள். செக் நாட்டு லோடெனிட்சேவிலுள்ள ஜிஇசட் ஆலை இதற்குப் பெயர்பெற்றது. 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவின் பானிங் நகரில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனபோது, லாக்கர் தட்டுக்கு உலகமே ஜப்பானிலுள்ள ஒரே தயாரிப்பாளரைச் சார்ந்து நிற்க நேர்ந்தது. அதன் பிறகு பெருந்தொற்றுக் காலத் தேவையும் சேர்ந்து, சிறு லேபிள்களின் தட்டுகள் பல மாதங்கள் வரிசையில் காத்திருந்தன. தட்டு கைக்கு வந்து எண்ணிப் பார்க்கும்வரை வெளியீட்டு நாளை அறிவிக்காமலிருப்பதே நன்று.

ஆலை அனுப்பும் சோதனைத் தட்டுகள் பெரும்பாலும் ஐந்து. அவற்றைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு கருவிகளில் கேட்க வேண்டும். ஒரே இடத்தில் எல்லாப் பிரதியிலும் ‘டக்’ என்று கேட்டால் அச்சில் பழுது, ஆலை பொறுப்பு. ஒன்றில் மட்டும் கேட்டால் அந்தப் பிரதியின் குறை. துளை மையத்தில் விழாமல் சுருதி அலைகிறதா, பாட்டு வரிசை சரியா, பக்கங்கள் மாறவில்லையா என்று பார்த்து எழுத்தில் ஒப்புதல் கொடுங்கள். ஒப்புதலுக்குப் பிறகு எழும் புகாருக்கு மதிப்பில்லை.

பாட்டு முடிந்த பின் உள்ள வெற்று வளையத்தில் வெட்டுநர் தட்டின் எண்ணையும், கேட்டுக்கொண்டால் ஒரு வரியையும் கீறித் தருவார். ஜார்ஜ் பெக்கம் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய வெட்டுநர் தன் ‘போர்க்கி’ முத்திரையை அங்கேதான் கீறினார். காசில்லாமல் கிடைக்கும் இடம், வீணாக்காதீர்கள். அமெரிக்க வழக்கப்படி பெரிய துளை வேண்டுமா, சிறிய துளையா என்பதையும் விண்ணப்பத்தில் குறிப்பிட மறக்காதீர்கள். வண்ணத் தட்டு வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் கேட்பார்கள்; கறுப்பே மலிவு, கறுப்பே நம்பகமானது.

ஆலை மறுக்கவும் கூடும். 1978-இல் கிராஸ் குழுவின் முதல் தட்டிலிருந்த ஒரு பாடலைக் கேட்டு, அயர்லாந்து ஆலையின் தொழிலாளர்கள் அதை அழுத்த மறுத்தனர். அந்த இடத்தை வெறும் மௌனமாக விட்டு, அதற்கொரு தலைப்பும் கொடுத்துத் தட்டு வெளிவந்தது. குழு தனக்கென்று லேபிள் தொடங்கியதற்கு அதுவே காரணம். பாட்டிலோ அட்டையிலோ சர்ச்சைக்கு இடமிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே ஆலையிடம் காட்டிவிடுங்கள்.

உறையும் அச்சகமும்

லேபிளோடு அச்சகமும் ஏன் என்றால், உறை, பாடல் வரித் தாள், சுவரொட்டி, ஃபேன்சீன் என்னும் ரசிகர் சிற்றிதழ் எல்லாமே காகிதம்தான். ஒரே கத்தரியும் மடிப்புக் கட்டையும் நான்குக்கும் போதும். கிராஸ் குழுவும் தன் வீட்டிலேயே எக்ஸிட்ஸ்டென்சில் என்ற பெயரில் அச்சு வேலை செய்தது. அவர்களுடைய 7 அங்குல உறைகள் பிரித்தால் சுவரொட்டியாக விரியும். டிஸ்கார்ட்டின் தொடக்கம் இன்னும் எளிது. 1980-இல் கலைந்துபோன டீன் ஐடில்ஸ் குழு சேர்த்து வைத்திருந்த சில நூறு டாலரில் முதல் தட்டை 1,000 பிரதி அழுத்திய அந்த இளைஞர்கள், ஓர் ஆங்கிலத் தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் வடிவத்தை வரைந்து, அச்சிட்ட தாள்களைக் கையால் வெட்டி மடித்து ஒட்டினார்கள்.

அதே வேலைக்கு இன்று ஓர் அளவு சொல்கிறேன். ஒட்டாமல் வெறுமனே மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகும் 7 அங்குல அட்டைக்கு 368க்கு 184 மில்லிமீட்டர் தாள் வேண்டும். ஏ4 போதாது. ஏ3 தாளில் ஒன்று வெட்டினால் 113 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நீளத் துண்டு மிஞ்சும். அதிலேயே பாடல் வரிகளை அச்சிட்டுவிட்டால் தனித்தாள் செலவு இல்லை. 160 முதல் 200 ஜிஎஸ்எம் தாள் போதுமானது. அதற்கு மேல் தடித்தால் மடிப்பில் மை வெடிக்கும்.

ஃபேன்சீன் அச்சிட முதலில் ஒரு டம்மி மடித்துப் பக்க எண்களைக் கையால் எழுதுங்கள். பக்கங்கள் நான்கின் மடங்காகவே வரும். ஏ4 தாளை மடித்து ஏ5 ஆக்கி சென்டர் பின் அடிக்க நீண்ட கை ஸ்டேப்ளர் ஒன்று வாங்குவது நல்ல முதலீடு. நகல் இயந்திரம் விளிம்புவரை அச்சிடாது என்பதால் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். புகைப்படங்களைப் புள்ளிகளாக்கிய பிறகே ஒட்டுங்கள்; இல்லையேல் நிழல் எல்லாம் கரித்திட்டாகிவிடும். 1976-இல் மார்க் பெர்ரி லண்டனில் தொடங்கிய ‘ஸ்னிஃபின் க்ளூ’ இதழ் தட்டச்சும் கையெழுத்தும் ஜெராக்ஸும் மட்டுமே கொண்டு வந்தது என்பதால், அந்தக் கரித்திட்டையே அழகியலாகக் கொள்வோர் உண்டு. வாசிக்க முடியாத நேர்காணலில் எனக்கு அழகு தெரிவதில்லை.

நூறு பிரதியைத் தாண்டினால் ரிசோகிராஃப் என்ற ஸ்டென்சில் நகல் இயந்திரம் மலிவு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி மாஸ்டர், தனி உருளை. ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாக விழாது, எனவே அச்சொட்டான பொருத்தம் தேவைப்படும் வடிவமைப்பைத் தவிர்க்க வேண்டும். மை எளிதில் உலராது. அடர்த்தியான கறுப்பை வெள்ளைத் தட்டுறையோடு உரசவிட்டால் விரலிலும் உறையிலும் ஒட்டும். ஒருநாள் பரப்பி வைத்த பிறகே மடியுங்கள். பிரிட்டனில் அச்சு வெளியீடு எதுவானாலும் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒரு பிரதி சேர வேண்டும் என்பது சட்டம். சிறு இதழ்களுக்கும் அது பொருந்தும். ஐஎஸ்பிஎன் எண் அங்கே காசு கொடுத்து வாங்க வேண்டியது. புத்தகக் கடைகளுக்கு அனுப்பாத ஏட்டுக்கு அது தேவையில்லை.

விற்பனையும் தபாலும்

நிகழ்ச்சி மேசை, தபால், பிற லேபிள்களுடன் பண்டமாற்று, கடை என்ற வரிசையில் வருமானம் குறைந்துகொண்டே போகும். இணையத்தில் பேண்ட்கேம்ப் தளம் தட்டுக்கு 10 சதவீதமும், கோப்புக்கு 15 சதவீதமும் எடுக்கும். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி.

தபாலில் 7 அங்குலத் தட்டுக்குப் பெரும் சாதகம் உண்டு. பிரிட்டனில் 353க்கு 250 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் தடிமன் என்ற எல்லைக்குள் அது ‘பெரிய கடிதம்’. 12 அங்குலத் தட்டு அந்த அகலத்தைத் தாண்டிப் பார்சலாகிவிடும். அமெரிக்காவுக்குள் தட்டுகளும் புத்தகங்களும் ‘மீடியா மெயில்’ என்ற மலிவு வகையில் செல்லலாம். அனுப்பும்போது தட்டை அட்டையுறைக்கு வெளியே எடுத்துப் பின்னால் வையுங்கள். உள்ளே இருந்தால் வழியில் ஆடி உறையின் மடிப்பைக் கிழிக்கும்.

எல்லை தாண்டும் தனிப் பொதிகள் இப்போது சுமையாகிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் 22 யூரோவுக்குக் குறைந்த பொதிகளுக்கிருந்த வரிவிலக்கை நீக்கியது. அமெரிக்காவும் 800 டாலர் வரையிலான சுங்கவிலக்கை 2025 ஆகஸ்டு 29 முதல் நிறுத்தியது. அதனால் முப்பது பிரதிகளை ஒரே பெட்டியில் அங்குள்ள லேபிளுக்கு அனுப்பி, அவர்களுடைய தட்டுகளில் முப்பதைப் பெற்று இருவரும் அவரவர் ஊரில் விற்பது முன்னைவிட அறிவார்ந்த வழி. எண்ணுக்கு எண் மாற்றுங்கள், ஆனால் உங்கள் ஊரில் விற்காத தட்டை நட்புக்காக முப்பது வாங்காதீர்கள், பத்தில் தொடங்கலாம்.

விநியோகஸ்தரிடம் முழுச் சரக்கையும் ஒப்படைப்பதில் ஆபத்து உண்டு. 1991-இல் ரஃப் டிரேட் விநியோக நிறுவனம் விழுந்தபோது, அதையே நம்பியிருந்த பல சிறு லேபிள்களின் பணமும் சிக்கியது. அழுத்தியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கையில் கொடுக்காதிருப்பது என் அளவுகோல்.

கணக்கும் மறு அழுத்தமும்

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித் தாள் வையுங்கள். ஒரு பக்கம் அழுத்திய எண்ணிக்கையும் அது எங்கெங்கே போயிற்று என்பதும், மறுபக்கம் வரவு செலவும். பிரதிக் கணக்கும் பணக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். குழுவுக்குரிய பாதியை வேறு வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த தட்டின் செலவுக்குக்கூட அதைத் தொடாதீர்கள். கலிபோர்னியாவின் லுக்அவுட் லேபிளிலிருந்து கிரீன் டே குழு, சேர வேண்டிய தொகை வராததால் 2005-இல் தன் பழைய ஒலிப்பதிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது; 2012-இல் லேபிளே மூடப்பட்டது. லட்சக்கணக்கில் விற்ற தட்டுகளை வைத்திருந்த லேபிளுக்கே அந்த நிலை.

முதல் அழுத்தம் தீர்ந்துவிட்டால் உடனே மறுபடி அழுத்த வேண்டியதில்லை. கடைகளும் பிற லேபிள்களும் எழுத்தில் கேட்ட எண்ணிக்கை நூறைத் தாண்டுகிறதா, குழு இன்னும் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். மதரோ ஸ்டாம்பரோ ஆலையில் இருந்தால் நிலைச் செலவு பெருமளவு குறையும். ஆலைகள் அவற்றை எத்தனை ஆண்டு வைத்திருக்கும் என்பதை முதல் விண்ணப்பத்தின்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அறிவிப்பில்லாமல் உருக்கிவிடுவார்கள். லேபிளை மூட நேர்ந்தால் அந்த உலோக அச்சுகளையும் ஒலிக் கோப்புகளையும் குழுவிடம் ஒப்படைத்து, விற்காத பிரதிகளை அடக்க விலைக்கு முதலில் அவர்களுக்கே கொடுத்து, கடைசிக் கணக்குத் தாளைப் பெட்டியோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.